தெளிந்த புத்தியும் ஜெபமும்: மலையின் இருபுறத்து எழுப்புதல்கள்

தியானக் கூடுகைக்கென்று குற்றாலம் செல்வோர் நம்மில் பலர். அமைதியான இடம் ஜெபத்திற்குத் துணை செய்யும். ஆயினும் இடத்தின் அமைதி தானே உள்ளத்தின் தெளிவாகிவிடாது. எது தெளிவு, எது மயக்கம் என்ற வினாவைத் திருச்சபை எதிர்கொண்ட இரு நிகழ்ச்சிகள், தென்காசிக்கு வடக்கிலும் மேற்கிலும் ஒரே மலைத்தொடரின் இருபுறங்களிலும் நடந்தவை. அவற்றை ஒப்பிட்டு நோக்குவது ஆயர் பணியில் இருப்போருக்கும் அதற்கு ஆயத்தமாவோருக்கும் பயன் தரும்.

முதலில் வேதச் சொல்லைக் கவனிப்போம். 1 பேதுரு 4:7 எல்லாவற்றின் முடிவும் சமீபமாயிற்று என்று அறிவித்து, அதனிமித்தமே தெளிந்த புத்தியோடு ஜெபிக்கும்படி பணிக்கிறது. அங்கு வரும் கிரேக்க வினைகள் இரண்டு. 'சோஃப்ரொனேயோ' என்பது நல்லறிவோடிருத்தல். லேகியோனிடமிருந்து விடுதலை பெற்றவன் ஆடையணிந்து உட்கார்ந்திருந்த நிலையை மாற்கு 5:15 இச்சொல்லாலேயே குறிக்கிறது. 'நேஃபோ' என்பது மதுமயக்கமின்றி இருத்தல். எனவே தெளிந்த புத்தி உணர்ச்சியற்ற வறட்சியன்று. அது விடுதலை பெற்றவனின் இயல்பு. முடிவு சமீபம் என்னும் நம்பிக்கை பிறப்பிக்க வேண்டியது பரபரப்பையன்று, தெளிவையே.

இனி வரலாற்றிற்கு வருவோம். 1810இல் உக்கிரன்கோட்டையில் பிறந்த அருளப்பன், பாளையங்கோட்டையில் ரேனியஸ் ஐயரிடம் பயின்றவர். பின்னர் அந்தோணி நாரிஸ் குரோவ்ஸின் போதனையால் ஈர்க்கப்பட்டு, மிஷன் சம்பளத்தை நாடாமல் ஊழியம் செய்தவர். 1840இல் ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தில் கிறிஸ்தியான்பேட்டையை நிறுவினார். 1860ஆம் ஆண்டு மே மாதத்தில் அங்கே எழுப்புதல் தோன்றியது. மக்கள் மார்பில் அடித்துக்கொண்டு பாவத்திற்காகக் கதறினர். நடுங்கி விழுந்தோரும், தீர்க்கதரிசனம் உரைத்தோரும் இருந்தனர். மிஷனெரிமாருள் சிலர் ஐயுற்றனர்; சிலர் நற்கனியைக் கண்டு மகிழ்ந்தனர். அக்கனிகளுள் முதன்மையானது, வெளிநாட்டுப் பணத்தை எதிர்பாராமல் ஆண்களும் பெண்களும் ஊர் ஊராய்ச் சென்று சுவிசேஷம் அறிவித்ததேயாம். அருளப்பன் 1867இல் மறைந்தார்.

செங்கோட்டையைத் தாண்டி ஆரியங்காவுக் கணவாயைக் கடந்தால் மலையின் மறுபுறம். அங்கே திருவிதாங்கூரில் 1873இல் ஓர் எழுப்புதல் உண்டாயிற்று. அதில் முன்நின்றவர் யுஸ்து யோசேப்பு. தமிழ்ப் பிராமணக் குடும்பத்தில் பிறந்து, 1861இல் ஞானஸ்நானம் பெற்றுச் சி.எம்.எஸ். குருவானவராய்ப் பணியாற்றிய கல்விமான். அவருடைய மலையாளக் கீர்த்தனங்களைக் கேரளச் சபைகள் இன்றும் பாடுகின்றன. அங்கும் தொடக்கம் மனந்திரும்புதலே. ஆனால் 1875இல், ஆறு ஆண்டுகளில் கிறிஸ்து திரும்பி வருவார் என்ற முன்னறிவிப்பு எழுந்தது; அதை ஏற்றோர் தாய்ச்சபையை விட்டுப் பிரிந்தனர். 1881ஆம் ஆண்டு வந்தது; எதிர்பார்த்த வருகை நிகழவில்லை. இயக்கம் 'யுயோமயம்' என்னும் தனிக் குழுவாய்ச் சுருங்கியது.

இவ்விரண்டையும் பிரித்தது யாது? கண்ணீரன்று, கல்வியுமன்று. யுஸ்து யோசேப்பு கல்வியில் யாருக்கும் குறைந்தவரல்லர். பேதுரு ஒன்றாய்ச் சேர்த்தவற்றை 1875இன் முன்னறிவிப்பு பிரித்துவிட்டது: முடிவின் சமீபத்தைப் பற்றிக்கொண்டு, தெளிவைக் கைவிட்டது. தீர்க்கதரிசனம் உரைப்போர் பேச, மற்றவர்கள் நிதானித்துப் பார்க்கவேண்டும் என்பது 1 கொரிந்தியர் 14:29 காட்டும் ஒழுங்கு. ஆண்டைக் குறித்தபின் நிதானிக்க இடமேது? ஐயம் எழுப்புவோன் அவிசுவாசியாகிவிடுகிறான். கிழக்கேயோ, உணர்ச்சி மிகுந்திருந்தும், அது அயலானிடம் செல்லும் பணியாக மாறியது.

ஆனால் 1881ஐக் காட்டி எழுப்புதலையே அஞ்சுவது மற்றொரு தவறு. ஆவியை அவித்துப்போடாதிருக்கவும் எல்லாவற்றையும் சோதித்துப்பார்க்கவும் 1 தெசலோனிக்கேயர் 5:19-21 ஒரே மூச்சில் கூறுகிறது. உறக்கத்தில் ஓதப்படும் ஜெபமும் தெளிந்த புத்தியின் ஜெபமன்று.

ஆகையால் ஆராதனையை நடத்தும் நாம், ஜெபத்திற்கு முன் வேதவாசிப்புக்கு உரிய நேரம் அளிப்போமாக. வாசித்ததைச் சிந்திக்க மௌனம் தருவோமாக. நாம் பெற்றதாகக் கருதும் வெளிச்சத்தை உடன் ஊழியர் நிதானிக்க ஒப்புக்கொடுப்போமாக. கூடுகை முடிந்து மலையிறங்கும் சபை, அயலானுக்கு என்ன செய்கிறது என்பதை வைத்தே அதன் ஜெபத்தை அளப்போமாக.