இறங்குமுகத்தின் வலி

கடும் உழைப்பின்போதே தோன்றும் களைப்பு வலியும், அதற்கு மறுநாள் எழுந்து இரண்டு, மூன்று நாள்களில் உச்சத்தை அடையும் வலியும் ஒன்றல்ல என்பதை 1902இல் தெளிவாகப் பிரித்துக் காட்டியவர் அமெரிக்க உடலியங்கியலாளர் தியோடர் ஹஃப் ஆவார். இத்தாலியின் டூரின் நகரில் ஆஞ்சலோ மோசோ உருவாக்கிய எர்கோகிராஃப், அதாவது விரலின் உழைப்பைக் கோடாக வரைந்து பதியும் கருவி, ஹஃபின் ஆய்வுக்குத் துணை நின்றது. தாமதமாக வரும் வலிக்குத் தசைக்குள் நேரும் கிழிசல்களே காரணம் என அவர் கருதினார்.

அந்தக் கருத்து நிலைபெற நெடுங்காலம் ஆயிற்று. இடைக்காலத்தில், உழைக்கும் தசையில் உண்டாகும் லாக்டிக் அமிலத்தின் மேல் பழி விழுந்தது. உடற்பயிற்சிக் கூடங்களில் இன்றும் அப்பழி நீங்கவில்லை. ஆனால், சமதளத்தில் ஓடியவர்களின் இரத்தத்தில் அமிலம் கூடியும் பின்னர் வலி தோன்றவில்லை என்பதையும், சரிவில் இறங்கி ஓடியவர்களுக்கு அமிலம் குறிப்பிடத்தக்க அளவு கூடாமலே வலி தோன்றியது என்பதையும் 1983இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது.

இறக்கத்தில் அப்படி என்ன நிகழ்கிறது? மாடிப்படியில் இறங்கும்போது தொடைத்தசை சுருங்க முயன்றுகொண்டே உடல் எடையால் நீட்டப்படுகிறது. இத்தகைய நீட்சிச் சுருக்கத்தின் விந்தையை 1952இல் அபட், பிக்லண்ட், ரிட்சி ஆகியோர், எதிரெதிராக நிறுத்திய இரு மிதிவண்டிகளை ஒரே சங்கிலியால் பிணைத்து, ஒருவர் மிதிக்க மற்றவர் தடுக்கும்படி செய்து அளந்தபோது, தடுப்பவருக்கு மிகக் குறைந்த ஆக்சிஜனே போதுமானதாக இருந்தது. மூச்சுக்கு மலிவான இவ்வேலைதான் தசைக்குப் பெருஞ்செலவு வைக்கிறது.

அச்செலவின் தடயத்தை சுவீடனின் ஃப்ரீடேனும் அவருடைய குழுவினரும், படியிறங்கியவர்களின் கெண்டைக்கால் தசைத் துணுக்குகளை மின்னணு நுண்ணோக்கியில் ஆராய்ந்து, 1981இல் வெளியிட்டனர். தசை இழையின் சுருங்கும் அலகான சார்க்கோமியர்களை எல்லைபிரிக்கும் இசட் கோடுகள், நேராக நிற்க வேண்டிய இடத்தில் கலைந்து வழிந்து கிடந்தன.

பழுதுபார்ப்போரைப் பற்றிய செய்தி அதற்கு முன்பே வந்துவிட்டது. தவளைத் தசையை ஆராய்ந்த அலெக்சாண்டர் மாரோ, இழையின் சவ்வுக்கும் அதைச் சூழ்ந்த அடித்தள உறைக்கும் இடையே ஒட்டிக்கிடந்த சிறு செல்களை 1961இல் விவரித்து, அவற்றுக்குத் துணைக்கோள் செல்கள் எனப் பெயரிட்டார். இழை பெரிதும் சிதையும்போது இவை பெருகி, ஒன்றோடொன்றும் பழைய இழையோடும் இணைந்து அதை மீட்கின்றன. எனினும் சிறு காயங்களுக்கு இவை தேவைப்படுவதில்லை என்பதை 2021இல் வெளியான ஆய்வொன்று உணர்த்தியது: ஒரே இழைக்குள் இருக்கும் பல உட்கருக்களில் அருகிலுள்ளவை காயம்பட்ட இடத்தை நோக்கி நகர்ந்து, புதுப் புரதங்களுக்கான செய்தி ஆர்.என்.ஏ.வை அங்கேயே வழங்குகின்றன.