கணினி அடைவுகளின் நியம வரலாறு

மரபொன்று நெடுங்காலம் நிலைத்துவிடின், அது தோன்றிய காரணம் மறைய, பின்வந்தோர் கூறிய காரணமே அதன் மூலமெனக் கொள்ளப்படுதல் வரலாற்றிற் பெருவழக்கு. பழஞ் சாசனங்களில் மட்டுமன்றிக் கணினியினுள்ளும் இவ்வுண்மையைக் காணலாம்.

1969 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்திற் கென் தொம்சன், டெனிஸ் றிச்சி முதலியோர் யுனிக்ஸ் என்னும் இயக்க முறைமையை ஆக்கத் தொடங்கினர். வேரினின்று கிளைக்கும் மரம்போல அடைவுகளை அமைக்கும் முறையை மல்ற்றிக்ஸ் என்னும் முந்திய முறைமையிலிருந்து பெற்றனர். கட்டளை நிரல்கள் 'பின்' என்னும் அடைவில் இருந்தன. பயனாளரின் கோப்புக்கள் வேறொரு தட்டில், 'யூசர்' என்னும் அடைவின்கீழ் இருந்தன. முதலாம் தட்டு மிகச் சிறியது. நிரல்கள் பெருகி அது நிரம்பவே, எஞ்சியவை 'யூசர்' இருந்த தட்டிற் குடியேறின. இவ்வாறு 'பின்' இரண்டாயிற்று. பிற்காலத்திற் பயனாளர் 'ஹோம்' முதலிய வேறு அடைவுகளுக்குப் பெயர்ந்தனர். குடிகள் நீங்கிய பின்னும் ஊர்ப்பெயர் நிற்பதுபோல, 'யூசர்' என்னும் பெயர் மட்டும் நின்றது.

1991 இல் லினக்ஸ் தோன்றியது. அதனை வெளியிட்டோர் தத்தம் விருப்பப்படி அடைவுகளை வகுத்தமையால், ஓரிடத்துக்கென எழுதிய நிரல் பிறிதோரிடத்தில் வேண்டிய கோப்பைக் காணாது தடுமாறிற்று. இதனைத் தீர்க்க 1993 ஓகஸ்ட்டில் தொடங்கிய முயற்சி, 1994 பெப்ரவரி 14 இல் முதல் நியமமாக வெளிவந்தது. பின்னர் பி.எஸ்.டி. மரபினரும் சேர, 1997 இல் அது 'கோப்பு முறைமைப் படிநிலை நியமம்' எனப் பெயர்பெற்றது. கோப்பு பல கணினிகள் பகிரத்தக்கதா? நிருவாகி தலையிடாமலே மாறுவதா? இவ்விரு வினாக்களே அதன் அடிப்படை. 'யூசர்' பகிரத்தக்கது, மாறாதது. 'எற்சி' அவ்வக் கணினிக்கே உரியது, மாறாதது. மாறுவன 'வார்' என்னும் அடைவைச் சேர்வன. முறைமை பழுதுற்றவிடத்து மீட்டற்கு வேண்டிய நிரல்கள் முதலாம் 'பின்'னில் இருத்தல் வேண்டும் என்றும் விதிக்கப்பட்டது. பிரிவைத் தோற்றுவித்தது இடநெருக்கடி. நிலைபெறச் செய்தது இக்காரணம்.

தட்டுக்கள் பெருத்த பின் அக்காரணமும் மெலிந்தது. 2012 இல் பெடோரா 17 இரண்டு 'பின்'களையும் ஒன்றாக்கிற்று. எனினும் பழைய பெயர் அழிக்கப்படவில்லை. எண்ணற்ற நிரல்கள் அப்பெயரையே அழைப்பதால், புதிய இடத்தைச் சுட்டும் இணைப்பாக அது நிற்கின்றது. நியமத்தின் 3.0 ஆம் பதிப்பு 2015 ஜூனில் வெளிவந்தது. அதனை மீறுவோரைத் தண்டிக்கச் சட்டம் எதுவுமில்லை. ஒருவர் ஆக்கியது மற்றவரிடத்தும் இயங்கவேண்டும் என்னும் தேவையே அதன் வலிமை.

ஒரு வழக்கம் எவ்வாறு தோன்றிற்று என்பதும், ஏன் நிலைத்தது என்பதும் வெவ்வேறு வினாக்கள். இரண்டாவதன் விடையை முதலாவதற்குக் கூறாதிருத்தலே வரலாறு கற்போர் முதலிற் பழகவேண்டிய ஒழுக்கமாகும்.