வேரைத் தேட வைத்த நூல்



பாட்டனுக்கு முந்தியவரின் பெயர் அறியாத குடும்பங்கள் எங்கும் உண்டு. மறதியால் பெயரை இழந்தோர் ஒரு வகையினர். பெயர் பறிக்கப்பட்டோர் மற்றொரு வகையினர். அமெரிக்கக் கறுப்பின மக்களுள் பெரும்பாலோர் இரண்டாம் வகையினரே. அந்நாட்டின் 1850, 1860ஆம் ஆண்டு மக்கள் கணக்கெடுப்புகளில் எசமானரின் பெயருக்குக் கீழே அடிமைகளின் வயது, பால், நிறம் ஆகியவையே குறிக்கப்பட்டன. அவர்களின் பெயர்கள் பெரும்பாலும் எழுதப்படவில்லை. விடுதலைக்குப் பின், 1870ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில்தான் அவர்கள் பெயரோடு இடம்பெற்றனர்.

இம்மக்களுள் ஒருவரான அலெக்ஸ் ஹேலி 1976இல் வெளியிட்டதே 'ரூட்ஸ்' என்னும் நூல். தமிழில் 'ஏழு தலைமுறைகள்' என்ற பெயரில் அதனை நாம் அறிவோம். டென்னசி மாநிலத்து ஹென்னிங் என்னும் சிற்றூரில் பாட்டி சொல்லக் கேட்ட குடும்பக் கதைகளைப் பின்பற்றி, காம்பியா நாட்டின் ஜுஃபூரே கிராமம் வரை அவர் சென்றார். 1767இல் கப்பலேற்றப்பட்ட குண்டா கிண்டே என்னும் முஸ்லிம் இளைஞரே தம் மூதாதை என எழுதினார்.

1977 ஜனவரியில் அக்கதை எட்டு இரவுகள் தொலைக்காட்சியில் ஒளிபரப்பாயிற்று. அதன்பின் மக்கள் ஆவணக் காப்பகங்களை நாடினர். ஆப்பிரிக்க அமெரிக்கரின் வமிசாவளி ஆய்வுக்கென்றே அவ்வாண்டில் ஒரு சங்கம் தோன்றியது. உயர்குடியினரின் பெருமைக்குரியதாகக் கருதப்பட்ட கலை எளியோர் கைக்கும் வந்தது.

ஆயினும், நூலின் ஆதாரம் வலுவானதன்று. வேறொரு நாவலின் பகுதிகள் அதில் இடம்பெற்றமை குறித்த வழக்கு 1978இல் சமரசத்தில் முடிந்தது. குண்டா கிண்டேயே என ஹேலி கருதிய 'டோபி' என்னும் அடிமை, அக்கப்பல் வருமுன்னரே வர்ஜீனியா ஆவணங்களில் காணப்படுவதை 1981இல் ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டினர். ஜுஃபூரேயில் கதை சொன்னவரின் சாட்சியமும் ஐயத்திற்குள்ளாயிற்று.

ஒரு செய்தியை யார் யாரிடமிருந்து கேட்டார் என வினவுவது ஹதீஸ் கலை நமக்குக் கற்பித்த ஒழுங்கு. மூதாதையர் மீதுள்ள அன்பு அவ்வினாவை நீக்கிவிடாது. எனினும், அந்நூலால் தூண்டப்பட்டோர் அதன் முடிவுகளை நம்பியதோடு நின்றுவிடவில்லை. தத்தம் குடும்பத்தின் ஏடுகளைத் தாமே புரட்டினர். அதுவே அந்நூலின் நிலைத்த பயன்.

நம் வீட்டு முதியோர் கூறுவதை நாமும் இன்றே எழுதி வைப்போம். கூறியவர் பெயரையும் நாளையும் உடன் குறிப்போம். பின்வருவோர் அதனைச் சரிபார்க்க அதுவே வழி.