லிட்டில் இந்தியா, சிங்கப்பூர்

சிராங்கூன் சாலையும் அதன் பக்கத் தெருக்களும் சேர்ந்த வட்டாரம் சிங்கப்பூரின் லிட்டில் இந்தியா. இந்தப் பெயர் 1980களில் சுற்றுலா விளம்பரங்களோடு பரவியது. உள்ளூர்த் தமிழருக்கு அது அன்றும் இன்றும் தேக்காதான்.

பிரிட்டிஷ் அதிகாரி ராஃபிள்ஸ் 1822இல் வகுத்த நகரத் திட்டம் இந்தியர்களுக்கு ஒதுக்கிய இடம் வேறு: சிங்கப்பூர் ஆற்றை ஒட்டிய சூலியா கம்பம் என்ற குடியிருப்பு. 1827இல் தொடங்கிய மாரியம்மன் கோயில் அந்தப் பக்கத்தில்தான், இன்றைய சைனாடவுனுக்குள் நிற்கிறது. சிராங்கூன் சாலைக்கு இந்தியர்களை இழுத்தவை சூளைகளும் எருமைகளும். கைதிகளாகக் கொண்டுவரப்பட்ட இந்தியர்கள் செங்கல் சூளைகளில் உழைத்தார்கள். இங்குள்ள வீரமாகாளியம்மன் கோயிலைப் பழைய ஆட்கள் சுண்ணாம்புக் கம்பத்துக் கோயில் என்றதும் சுண்ணாம்புச் சூளைகளால்தான். ரோச்சோர் ஆற்றோரச் சதுப்பில் தண்ணீருக்கும் புல்லுக்கும் குறைவில்லை. மாட்டு வியாபாரம் செழித்தது. பெலிலியோஸ் என்ற யூத வணிகர் அதில் பெரும்புள்ளி; அவர் பெயரில் ஒரு சாலை இருக்கிறது. மாடு மேய்க்க, பால் கறக்க, வண்டி ஓட்ட வந்த தமிழர்களும் வடஇந்தியர்களும் அக்கம்பக்கத்திலேயே குடியேறினார்கள். 1930களில் சதுப்பு தூர்ந்து, கொட்டில்களும் போயின. பஃபலோ சாலை, கெர்பாவ் (மலாயில் எருமை) சாலை, லெம்பு (மாடு) சாலை என்று பெயர்கள் மட்டும் தங்கிவிட்டன. நாட்டின் பெரிய மகப்பேற்று மருத்துவமனையின் பெயரில்கூட எருமைத் தொழுவம் ஒளிந்திருக்கிறது: கண்டாங் கெர்பாவ், சுருக்கமாக கே.கே.

1855இல் எழுந்த சீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்துதான் தைப்பூசக் காவடிகள் டேங்க் சாலை தண்டாயுதபாணி கோயிலுக்குப் புறப்படுகின்றன. பெருமாள் சந்நிதியில் கிளம்பி முருகனிடம் போய்ச் சேருவதில் அங்கே யாருக்கும் முரண்பாடு தெரிவதில்லை. 1842 வாக்கில் குதிரைப் பந்தயம் தொடங்கிய ஃபேரர் பார்க் திடலில் 1942 பிப்ரவரி 17 அன்று, சரணடைந்த பிரிட்டிஷ் படையின் இந்தியச் சிப்பாய்கள் பல்லாயிரம் பேர் ஜப்பானியரிடம் ஒப்படைக்கப்பட்டார்கள். இந்திய தேசிய ராணுவத்தின் விதை அங்கே விழுந்தது.

போருக்குப் பின் கடைத்தெரு தழைத்தது. கோமள விலாஸ் உணவகம் 1947இல் இலை போடத் தொடங்கியது. முஸ்தபா 1970களில் சிறிய துணிக்கடையாகத் தொடங்கி, பல ஆண்டுகள் இரவெல்லாம் திறந்திருந்த பேரங்காடியாக வளர்ந்தது. பஃபலோ சாலையின் நடைபாதையில் பூக்காரர்கள் மல்லிகையும் செவ்வந்தியும் கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். அடுத்த கடையில் முருங்கைக்காய், வாழைப்பூ, கட்டுக் கறிவேப்பிலை. பழைய தேக்கா சந்தை 1982இல் சிராங்கூன் சாலையின் எதிர்ப்புறம் மாறியது. அங்கே வெற்றிலையும் ஆட்டிறைச்சியும் வாங்க வருபவர்களில் சீனர்களும் மலாய்க்காரர்களும் உண்டு. இந்த வட்டாரத்தில் அதிகம் படமெடுக்கப்படும் வண்ண வீடுகூட 1900இல் ஒரு சீன மிட்டாய் உற்பத்தியாளர் கட்டியது.

1989ஐத்தான் முக்கிய ஆண்டாகச் சொல்லவேண்டும். மார்ச்சில் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் இனவாரி ஒதுக்கீடு நடைமுறைக்கு வந்தது. எந்த ஒரு பேட்டையிலும் ஒரே இனத்தார் குவியக்கூடாது என்பது விதி. ஜூலையில் லிட்டில் இந்தியாவின் கடைவீடுகள் பாதுகாக்கப்பட்ட பகுதியாயின. இந்தியக் குடும்பங்கள் தீவெங்கும் பரவ, தெரு மட்டும் இந்தியத் தெருவாகப் பத்திரப்படுத்தப்பட்டது.

அந்த வெற்றிடத்தை நிரப்பியவர்கள் கட்டுமானத்துக்கும் கப்பல் பட்டறைக்கும் வந்த ஒப்பந்தத் தொழிலாளர்கள். ஞாயிற்றுக்கிழமை மாலை தமிழ்நாட்டு இளைஞர்கள் புல்வெளிகளில் வட்டமாக உட்கார்ந்து கதை பேசுவார்கள். வங்கதேசத்தார் லெம்பு சாலைப் பக்கம் கூடுவார்கள். ஊருக்குப் பணம் அனுப்பும் கடைகளில் வரிசை நீளும். 2013 டிசம்பர் 8 அன்று ரேஸ் கோர்ஸ் சாலையில் ஒரு தமிழ்நாட்டுத் தொழிலாளி பேருந்தில் அடிபட்டு இறந்ததும் கலவரம் மூண்டது. அதையடுத்து வந்த 2015இன் மதுக் கட்டுப்பாட்டுச் சட்டம் இப்பகுதிக்குத் தனிக் கெடுபிடி விதித்தது. அதே ஆண்டு கேம்பல் சந்தில் இந்திய மரபுடைமை நிலையம் திறக்கப்பட்டது. கொரோனாவில் மாதக்கணக்கில் விடுதிகளில் அடைபட்ட தொழிலாளர்கள், 2022 ஜூனிலிருந்து ஞாயிறும் பொது விடுமுறை நாளும் தேக்காவுக்கு வர முன்கூட்டியே அனுமதிச் சீட்டு பெறவேண்டியிருந்தது. சுற்றுலாப் பயணிக்கு அது தேவைப்படவில்லை.