எத்தனை நாள் ஆகும்? – லாரி பெயிண்டின் நூறு வருஷக் கதை

எஃப்.சி. தேதி நெருங்கும்போது லாரிக்காரர்கள் பட்டறையில் முதலில் கேட்பது ஒன்றுதான்: "எத்தனை நாள் ஆகும்?" என்ன பிரைமர், என்ன பெயிண்ட், மேலே கிளியர் அடிக்கணுமா என்பதெல்லாம் அதற்கு அப்புறம். வண்டி நின்றால் வாடகை நின்றுவிடும், மாசத் தவணை நிற்காது. நாமக்கல், சங்ககிரி பக்கம் பாடி கட்டும் பட்டறைகளில் இந்தக் கேள்வியை நிறையக் கேட்டிருக்கிறேன். வாகனப் பெயிண்டின் வரலாற்றைத் தேடிப் படித்தபோதுதான் இதற்கு நூறு வயசுக்கு மேல் என்று தெரிந்தது. கடையில் இருக்கிற ஒவ்வொரு டப்பாவும் இந்தக் கேள்விக்கு யாரோ ஒருவர் கண்டுபிடித்த பதில். அந்தப் பதில்களுக்கு யார் விலை கொடுத்தார்கள் என்பதைத்தான் இங்கே எழுதப் பார்க்கிறேன்.

முதல் கார்களுக்குக் குதிரை வண்டிக்கு அடித்த பெயிண்டையே அடித்தார்கள். ஆளிவிதை எண்ணெயும் வார்னிஷும் கலந்த சரக்கு. ஒரு கோட்டு அடித்து, காயவிட்டு, நுரைக்கல் தூளால் தேய்த்து, மறுபடி ஒரு கோட்டு. நல்ல வண்டி ஒன்று முடிய மூன்று, நான்கு வாரம் ஆகும். ஒரு வண்டிக்கு ஒரு மாசம் என்றால் பரவாயில்லை. 1913-இல் ஃபோர்டு கம்பெனி நகரும் அசெம்பிளி லைனைக் கொண்டுவந்து, பன்னிரண்டரை மணி நேர சேஸிஸ் வேலையை ஒன்றரை மணி நேரத்துக்குக் குறைத்ததும் நிலைமை மாறிவிட்டது. பூட்டுவதற்கு ஒன்றரை மணி நேரம், காய்வதற்கு வாரக்கணக்கு என்றால் எப்படி?

ஃபோர்டின் மாடல் டி 1914-இலிருந்து 1925 வரை கறுப்பாக மட்டுமே வந்ததற்கு இதில் ஒரு பங்கு உண்டு. தார் போன்ற அஸ்பால்ட்டையும் ஆளிவிதை எண்ணெயையும் கலந்த கறுப்பு அது. பல பாகங்களை அதில் முக்கியெடுத்து அடுப்பில் சுட்டுவிடலாம். மலிவு, கெட்டி. வேறு நிறம் அந்த அளவுக்குச் சூடு தாங்காது.

நிறத்தைத் திருப்பிக் கொடுத்தது வெடிமருந்து. பஞ்சை நைட்ரிக் அமிலத்தில் ஊறவைத்தால் நைட்ரோ செல்லுலோஸ் கிடைக்கும். துப்பாக்கி ரவைக்கும் அதுதான், அந்தக்கால சினிமா ஃபிலிமுக்கும் அதுதான். முதல் உலகப்போர் முடிந்ததும் அமெரிக்காவின் டூபான்ட் கம்பெனியிடம் அதைத் தயாரிக்கும் வசதி ஏராளமாக மிஞ்சி நின்றது. ஜெனரல் மோட்டார்ஸில் பெரும் பங்கும் அப்போது அதே டூபான்ட்டிடம் இருந்தது. இரண்டு கம்பெனியும் சேர்ந்து உருவாக்கிய 'டூகோ' பெயிண்ட் 1923-இல் ஓக்லண்ட் என்ற காரில் நீல நிறமாக வெளிவந்தது. தின்னர் ஆவியானால் போதும், பெயிண்ட் காய்ந்துவிடும். வாரங்கள் மணிகளாகிவிட்டன. அந்தப் பங்குரிமை பின்னால் வழக்காகி, 1957-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் டூபான்ட்டுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. ஜெனரல் மோட்டார்ஸுக்குப் பெயிண்டும் துணியும் விற்க அந்தப் பங்கு எப்படி உதவியது என்பதே வழக்கின் மையம். நம்மூர் தச்சர்கள் அலமாரிக் கதவுக்கு 'டூகோ அடிக்கலாமா' என்று கேட்கிறார்களே, அது இந்தப் பெயர்தான்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்கணும். இவ்வளவு சீக்கிரம் காயும் பெயிண்டைப் பிரஷ்ஷால் இழுக்க முடியாது, இழுக்கும்போதே இறுகும். ஸ்ப்ரே கன்தான் வழி. அதுவரை டப்பாவிலும் பிரஷ்ஷிலும் இருந்த பெயிண்ட் அப்போது காற்றுக்கு வந்தது. காற்று அடிக்கிறவரின் மூக்குக்கு வந்தது.

அடுத்தது ஆல்கிட். ஆல்கஹாலும் ஆசிடும் சேர்ந்து உருவாகும் பிசின் என்பதால், ஜெனரல் எலெக்ட்ரிக்கின் ராய் கீன்லே 1920-களில் வைத்த பெயர். நம் கடைகளில் 'சிந்தெடிக் எனாமல்' என்று கிடைப்பது இந்த வகை. காற்றிலுள்ள ஆக்சிஜனை வாங்கி இறுகும். தொடும் அளவுக்குக் காய ஒரு ராத்திரி, உள்ளே முழுசாக இறுகப் பல நாள். ஆனால் விலை குறைவு, பிரஷ்ஷிலும் அடிக்கலாம். நம் லாரிகளின் தாமரையும் கழுகும் 'சவுண்ட் ஹாரன்' எழுத்தும் பெரும்பாலும் இதன் தயவால்தான்.

பிரைமரின் கதை வேறு. அதன் வேலை அழகு இல்லை, துருவைத் தடுப்பது. பழைய ஆட்கள் ஈயத்தில் செய்த செவ்வீயம் அடித்தார்கள். ஈயம் எண்ணெயோடு சேர்ந்து இரும்பைத் துருவிலிருந்து காத்தது, அதைக் கலக்கியவரின் ரத்தத்திலும் கலந்தது. இப்போதைய ரெட் ஆக்சைடு வெறும் இரும்பு ஆக்சைடு. அதற்குத் தானாகத் துருவை எதிர்க்கும் குணம் கிடையாது. அதனால்தான் துத்தநாகக் குரோமேட்டைச் சேர்த்தார்கள். இந்தியத் தர நிர்ணயம் 2074-இன் பெயரிலேயே ரெட் ஆக்சைடோடு ஜிங்க் குரோமும் இருக்கிறது. இந்த வகைக் குரோமியச் சேர்மங்கள் மனிதருக்குப் புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 1990-இல் உறுதி செய்தது. ஆக, பிரைமரைத் தேய்க்கும்போது பறக்கும் தூசி வெறும் தூசி இல்லை. குரோமேட் இல்லாத, ஜிங்க் பாஸ்பேட் கலந்த எபாக்சி பிரைமர் இன்று கிடைக்கிறது. சுத்தமான இரும்பில் நன்றாகப் பிடிக்கும்.

கடைசியாகக் கிளியர். மெட்டாலிக் பெயிண்டில் இருப்பது அலுமினியத் துகள். வெயிலும் மழையும் பட்டால் அது மங்கும். அதனால் மேலே நிறமில்லாத ஒரு கண்ணாடிப் படலம் தேவைப்பட்டது. 1937-இல் ஜெர்மனியில் ஓட்டோ பையர் கண்டுபிடித்த பாலியூரித்தேன் பின்னால் அதற்குக் கைகொடுத்தது. இரண்டு டப்பா, ஒன்று கிளியர், இன்னொன்று ஹார்டனர். கலந்தால் சில மணி நேரத்தில் கல் மாதிரி ஆகும்.

அந்த ஹார்டனரில் இருப்பது ஐசோசயனேட். பெயரைக் கேட்டதும் போபால் ஞாபகம் வரும். 1984-இல் கசிந்த மீத்தைல் ஐசோசயனேட்டும் இதே குடும்பம். ஆனால் இது அந்த வாயு இல்லை. அவ்வளவு எளிதில் ஆவியாகாத சரக்கு. சிக்கல் ஸ்ப்ரே பண்ணும்போதுதான். கண்ணுக்குத் தெரியாத துளியாக நெஞ்சுக்குள் போகிறது. வாசனை பெரிதாக எச்சரிக்காது. ஒருமுறை உடம்பு அதற்கு எதிராகத் திரும்பிவிட்டால், பிறகு துளியூண்டு பட்டாலே மூச்சு இழுக்கும். தொழிலையே விட வேண்டிவரும். தொழில் சார்ந்த ஆஸ்துமாவுக்கு ஐசோசயனேட் முக்கியக் காரணங்களில் ஒன்று. பெயிண்டர் வேலையையே புற்றுநோய் தரும் தொழில் என்று மேலே சொன்ன அதே நிறுவனம் 1989-இல் வகைப்படுத்தியது.

சரி, லாரிக்கு எதைத் தேர்ந்தெடுப்பது? முதலில் பழைய பெயிண்ட் என்னவென்று பார்க்கணும். தின்னர் நனைத்த துணியை ஓரத்தில் கொஞ்ச நேரம் வைத்துத் துடைத்தால், நைட்ரோ செல்லுலோஸ் என்றால் கரைந்து துணியில் ஏறும். எனாமல் என்றால் பெரும்பாலும் சுருங்கித் தூக்கும். நன்றாக இறுகிய இரண்டு டப்பா பெயிண்ட் அசையாது. சரியாக இறுகாத எனாமல் மேல் பாலியூரித்தேன் கிளியர் அடித்தால் அதன் தின்னர் அடியைத் தூக்கிவிடும், மொத்தமும் சுருங்கும். பிரைமர், பெயிண்ட், கிளியர் மூன்றும் ஒரே கம்பெனியின் ஒரே வரிசையில் இருப்பது நல்லது. மஞ்சள், சிவப்பு மாதிரி தனி நிறத்துக்குக் கிளியர் கட்டாயம் இல்லை. கிளியர் கட்டாயம் தேவைப்படுவது மெட்டாலிக்குக்குத்தான். மணலும் ஜல்லியும் ஏற்றி உரசுகிற பாடிக்கு எனாமல் போதும். அடுத்த எஃப்.சி.க்கு எப்படியும் அடிக்கத்தான் போகிறீர்கள். கேபினுக்கு வேண்டுமானால் இரண்டு டப்பா சரக்கு. மஞ்சளை வாங்கும்போது ஈயம் இல்லாததா என்று கேளுங்கள். 90 பிபிஎம் என்ற ஈய வரம்பை விதித்த 2016 விதிகள் வீட்டு, அலங்காரப் பெயிண்டுக்கு மட்டும்தான். லாரிப் பெயிண்ட் அதில் வராது.

கிளியர்தான் வேண்டும் என்று முடிவு செய்தால், எஸ்டிமேட்டில் இன்னொரு வரியும் சேரணும்: வெளியிலிருந்து குழாய் வழியாக நல்ல காற்று தரும் முகக்கவசம். மூக்கில் கட்டும் கர்ச்சீப் இதற்கு உதவாது. பட்டறைக்காரர் இதைக் கூலியில் சேர்த்துக் கேட்டால் பேரம் பேசாதீர்கள். நூறு வருஷமாக நமக்கு மிச்சமான நாட்களில் ஒரு பங்கை அடிக்கிறவரின் மூச்சிலிருந்துதான் எடுத்திருக்கிறோம். அந்தக் கணக்கில் இது ரொம்பச் சின்னத் தொகை.