மஞ்சு பாலா

இந்தியச் சங்கிலிக் குண்டு எறிதல் வீராங்கனை. ராஜஸ்தானின் சூரு மாவட்டத்தைச் சேர்ந்தவர். பெண்களுக்கான குண்டின் எடை 4 கிலோ. ஒலிம்பிக்கில் பெண்களுக்கு இப்போட்டி 2000 சிட்னியில்தான் தொடங்கியது.

2014 இஞ்சியோன் ஆசிய விளையாட்டில் 60.47 மீட்டர் எறிந்து வெண்கலம் பெற்றார். தங்கம் வென்ற சீனாவின் ஜாங் வென்ஷியு எறிந்ததோ 77.33 மீட்டர். இடைவெளி ஏறக்குறைய 17 மீட்டர். மேடையில் அடுத்தடுத்து நின்றாலும் இருவரும் ஆடியது வேறு வேறு தளங்களில் என்றே சொல்ல வேண்டும். ஊக்கமருந்துப் பரிசோதனையில் ஜாங் சிக்கவே, மஞ்சு வெள்ளிக்கு உயர்த்தப்பட்டார். கலப்பட உணவால் அது நேர்ந்திருக்கலாம் என்று ஏற்கப்பட்டு, 2015இல் ஜாங்கிடமே தங்கம் திரும்பியது. மஞ்சு மீண்டும் வெண்கலத்துக்கு வந்தார். பதக்கம் மாறியதில் அவர் கையில் எதுவும் இல்லை.

2022 பர்மிங்காம் காமன்வெல்த் விளையாட்டில் இறுதிச் சுற்றை எட்டி, 60.96 மீட்டருடன் 12ஆம் இடம் பெற்றார். அதற்கு முன்பே, 2017இல், மற்றொரு இந்திய வீராங்கனையான சரிதா சிங் 65.25 மீட்டர் எறிந்து தேசியச் சாதனை படைத்திருந்தார். பின்னர் மஞ்சுவும் ஊக்கமருந்துப் பரிசோதனையில் சிக்கினார். 2024 ஜூலை முதல் ஐந்தாண்டுத் தடை விதிக்கப்பட்டது.