வரியில்லா வட்டி யாருக்கு? சீத்தா கேம்ப்பை முன்வைத்துச் சில குறிப்புகள்

சேமிப்பின் வட்டிக்கு வரிவிலக்கு அளிப்பது எளியோருக்கான சலுகை என்ற எண்ணம் நம்மிடையே வேரூன்றியுள்ளது. வட்டி விகிதம் வீழ்ந்த காலங்களில் அந்த விலக்கு எதற்குப் பயன்பட்டது, யாருக்குப் பயன்பட்டது என்று வினவினால் விடை வேறாகிறது.

பொதுச் சேமநல நிதி (பி.பி.எஃப்.) 1968இல் சட்டமானது. நிறுவனங்களின் வருங்கால வைப்பு நிதிக்கு வெளியே நின்ற தனித்தொழில் செய்வோரும் அதில் சேரலாம். தொடக்கத்தில் வட்டி 4.8 விழுக்காடு, 1986 முதல் 2000 தொடக்கம் வரை 12, 2020 ஏப்ரல் முதல் 7.1. இவ்வீழ்ச்சியைக் கண்டு பொற்காலம் போயிற்று என வருந்துவோர் ஒன்றை மறக்கின்றனர். 1991-92இல் தொழிலாளர் நுகர்வோர் விலைவாசி ஏறத்தாழ 13.5 விழுக்காடு உயர்ந்தது. வரியில்லாத 12 விழுக்காடும் அவ்வாண்டு நட்டமே. மாறாக 2020-21இல் பணவீக்கம் 6.2, அப்போது 7.1 என்பது சிறிதேனும் மிச்சம் வைத்தது.

வரிவிலக்கின் மதிப்பு வட்டியை மட்டுமன்று, சேமிப்பவர் எந்த வரிப்படியில் நிற்கிறார் என்பதையும் பொறுத்தது. அதே ஆண்டில் வங்கியின் நீண்டகால வைப்புக்கு 5.4 விழுக்காடு கிடைத்ததெனக் கொள்வோம். 30 விழுக்காட்டுப் படியில் இருப்பவருக்கு, கூடுதல் தீர்வையும் போக, 3.7தான் மிஞ்சும். வரியே கட்டாதவருக்கு முழு 5.4உம் கைக்கு வரும். முன்னவருக்கு 7.1 பெரும் ஆதாயம். பின்னவர் பெறும் கூடுதல் 1.7க்கு வரிவிலக்கோடு எத்தொடர்பும் இல்லை.

இப்பின்னவரைத் தேடினால் சீத்தா கேம்ப்புக்கு வரலாம். அணுசக்தி நிலையத்தின் தேவைக்காக ஜனதா காலனி 1976 மே மாதம், நெருக்கடி நிலையின் நடுவே இடிக்கப்பட்டு, அங்கிருந்தோர் டிராம்பேயின் ஓரத்தில் குடியமர்த்தப்பட்ட ஊர் இது. தமிழர் திரளாக வாழும் இடம். அக்காலனியின் போராட்டத்தை நடத்திய ஜோக்கின் அற்புதம் கோலார் தங்கவயலில் பிறந்தவர். அடுத்த ஆண்டு எங்கே குடியிருப்போம் என அறியாத ஒருவரிடம் பதினைந்து ஆண்டு முடங்கும் கணக்கைப் பரிந்துரைப்பது எத்தகைய அறிவுரை! வட்டியையே விலக்கும் முஸ்லிம் குடும்பங்களும் இங்குப் பலவுண்டு. அவர்களுக்கு வட்டி வரியற்றது என்பது ஒரு கவர்ச்சியே அன்று.

அஞ்சலகச் சேமிப்புக் கணக்கின் கதை இன்னும் விந்தையானது. 2011 டிசம்பரில் அதன் வட்டி 3.5இலிருந்து 4 ஆயிற்று. தனிநபருக்கு ஆண்டு வட்டியில் 3,500 ரூபாய்க்கு விலக்கு. 2012ஆம் ஆண்டின் நிதிச் சட்டம், வங்கி, அஞ்சலகச் சேமிப்புக் கணக்குகளின் வட்டியில் 10,000 ரூபாய் வரை கழிவு தந்தது. புதிய வரி முறையில் இக்கழிவு இல்லை. 4 விழுக்காட்டில் அந்த வரம்பை எட்ட 2,50,000 ரூபாய் வேண்டும், 2.7 எனில் 3,70,000க்கும் மேல். வட்டி குறையக் குறைய வரம்புக்குள் அடங்கும் முதல் பெருகுகிறது, சாமானியருக்கு விலக்கு பொருளிழக்கிறது. பிரிட்டனிலும் 2016இல் அடிப்படை வரிப்படியினருக்கு 1,000 பவுண்டு வட்டி வரியின்றி விடப்பட்டதும், பலருக்கு ரொக்க ‘ஐசா’ கணக்கு தேவையற்றதாயிற்று. 2023இல் வட்டி 5.25ஐத் தொட்டபோதே அது மீண்டும் பொருளுடையதாயிற்று.

ஆயினும் சேமிப்பு வீணென்பது என் வாதமன்று. ஒரு குடும்பம் மாதம் நூற்றுக்கு 5 ரூபாய் வட்டிக்குக் கடன் வாங்கினால் ஆண்டுக்கு 60 விழுக்காடு. கையிருப்பு அந்தக் கடனைத் தவிர்க்குமாயின் அதன் வருவாய் அந்த 60தான், 4ஆ 3.5ஆ என்பது அங்கே பேச்சே இல்லை. 1986இல் பைக்குலா நடைபாதைவாழ் பெண்களிடையே தோன்றி, அற்புதத்தின் கூட்டமைப்போடு இணைந்து இயங்கிய ‘மகிளா மிலன்’, அன்றாடச் சில்லறையைத் திரட்டி அவசரக் கடனாகத் தந்தது இக்கணக்கின் மேல்தான். சிறுசேமிப்பின் வரலாற்றை எழுதுவோர் வட்டி அறிவிக்கைகளோடு கடன் பேரேடுகளையும் ஒருங்கே வைத்துப் படித்தல் வேண்டும்.